'டிரங்கன் மாஸ்டர்' தவிர்த்து, அதிகம் பேசப்படாத பழைய குங்ஃபூ நகைச்சுவைப் படங்களில் எவை பார்க்கத் தக்கவை?

மூன்றாம்வரிசை (கேள்வி)

ஜாக்கி சான் நடித்த 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய இரு படங்களையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற மாதம் மீண்டும் பார்த்தேன். இரண்டும் 1978-ஆம் ஆண்டு யூன் வூ-பிங் இயக்கத்தில் வெளிவந்தவை. குங்ஃபூ நகைச்சுவை என்றவுடன் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவையும் இவையே. பயிற்சிக் காட்சிகள் இன்றும் அலுக்கவில்லை. ஆனால் சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே வரும் முகச்சேட்டைகளையும், சாப்பாட்டுக் கடையில் காசு கொடுக்காமல் நழுவும் வகைக் காட்சிகளையும் பொறுமையுடன் உட்கார்ந்து பார்க்க இந்த வயதில் என்னால் இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றவை எல்லாம் அவற்றின் நகல்கள்" என்றார். குடிகாரக் கிழட்டு குரு, அடி வாங்கும் சோம்பேறிச் சீடன், ஏதேனும் ஒரு விலங்கின் பெயரைத் தாங்கிய பாணி, முடிவில் அந்தப் பாணியால் வீழ்த்தப்படும் வில்லன் என்று ஒரே அச்சில் வார்த்து எடுத்தவை என்பது அவர் வாதம். அவர் நிறையப் பார்த்தவர் என்பதால் அதை எளிதில் ஒதுக்கவும் முடியவில்லை.

எனவே இங்குள்ளவர்களிடம் கேட்கிறேன். அவ்வளவாகப் பெயர் அடிபடாத படங்களில், நகைச்சுவைக்காகவே பார்க்க வேண்டியவை உண்டா? சண்டை நன்றாக இருக்கிறது என்பது எனக்குப் போதாது; அதற்கு நகைச்சுவையே இல்லாத நூறு படங்கள் இருக்கின்றன. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாரக்கட்டு

உங்கள் நண்பரின் கணக்கு தொடக்கத்திலேயே பிழைபட்டிருக்கிறது. 'டிரங்கன் மாஸ்டர்' வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1975-இல், ஷா பிரதர்ஸ் நிறுவனத்தில் லாவ் கார்-லியுங் தம்முடைய முதல் படமாக 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' என்ற நகைச்சுவையை இயக்கிவிட்டார். சாமி வந்ததுபோல் நடித்து ஊர் ஊராக ஏமாற்றிப் பிழைக்கும் ஓர் இளைஞனின் கதை அது. நாயகன் வாங் யூ. (ஒற்றைக் கை வாள்வீரனாக நடித்த ஜிம்மி வாங் யூ வேறு, இவர் வேறு, பெயர்க் குழப்பத்தால் தவறான படத்தை எடுத்துவிட வேண்டாம்.) அது முழுமையான படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நகலெடுக்க முன்னால் ஏதும் இல்லாத காலத்தில் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதே இயக்குநரும் அதே வாங் யூவும் 1979-இல் சேர்ந்து தந்த 'டர்ட்டி ஹோ'. இந்த ஆங்கிலப் பெயரைக் கேட்டு அருவருக்க வேண்டாம்; சீனப் பெயருக்கு ஏறத்தாழ 'மண்டை புண்ணான ஹோ' என்பதே பொருள். ஹோ ஒரு நகைத் திருடன். அவனுக்கு எதிரே, நகை வணிகர் வேடத்தில் ஊர் சுற்றும் பேரரசரின் பதினோராம் மகனாக கார்டன் லியு. அரியணைப் போட்டியில் நான்காம் இளவரசன் இவரைக் கொல்ல ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். இவருக்கோ மதுவும் ஓவியமும் பழம்பொருள்களும்தான் பிரியம். தமக்குச் சண்டை தெரியும் என்பதே வெளியில் தெரியக் கூடாது. இந்த ஒற்றை விதியிலிருந்துதான் படத்தின் சிரிப்பு முழுவதும் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். மதுவைச் சுவைத்து மதிப்பிட வருமாறு ஒருவர் இளவரசரை அழைக்கிறார். மேசையில் கிண்ணங்கள், பக்கத்தில் பணியாள், இருபுறமும் மிக உயர்ந்த மரியாதைப் பேச்சு. "இதைச் சற்று அருந்திப் பாருங்கள்" என்று கிண்ணத்தை நீட்டும் கை, நீட்டுகிற போக்கிலேயே தொண்டையை நோக்கி வருகிறது. "தங்கள் அன்பு" என்று அதை வாங்கிக்கொள்ளும் கை, வாங்குகிற போக்கிலேயே மணிக்கட்டை மடக்கிவிடுகிறது. மேசைக்கு அடியில் கால்கள் தனியே ஒரு போர் நடத்துகின்றன. மேலே மதுவின் வயதையும் மணத்தையும் பற்றிய உரையாடல் ஒரு சொல்லும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்ல வந்தவரும் நாகரிகத்தைக் கைவிடுவதில்லை, சாக மறுப்பவரும் கைவிடுவதில்லை. உடன் வந்த ஹோவுக்கு இங்கே ஒரு கொலை முயற்சி நடக்கிறது என்பதே தெரியாது.

இந்தக் காட்சியில் நகைச்சுவையை எடுத்துவிட்டால் சண்டை மிஞ்சாது. சண்டையை எடுத்துவிட்டால் சிரிக்க எதுவும் இராது. நீங்கள் வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்த முகச்சேட்டைகளில் குறைபட்டது இந்த ஒட்டுதல்தான். அதற்கு முன்பே வரும் இன்னொரு காட்சியில், ஹோ சண்டைக்கு வந்ததும் இளவரசர் காரா ஹுய் நடிக்கும் கணிகையைத் தம் மெய்க்காவலர் என்று அறிவித்துவிட்டு, அவர் பின்னாலிருந்து அவருடைய கைகளையும் கால்களையும் பொம்மலாட்டம்போல் இயக்கி ஹோவை அடித்து நொறுக்குகிறார். அடிப்பது தாமே என்று அந்தப் பெண்ணும் நம்பவில்லை, மறுக்கவும் முடியவில்லை. காரா ஹுய்யின் கண்களில் அந்தத் திகைப்பைப் பார்ப்பதற்காகவே படத்தை நிறுத்தி மறுபடி பார்த்திருக்கிறேன்.

இது பிடித்தால் 1980-இல் வந்த 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்' படத்தையும் பாருங்கள். இதன் முதல் படமான 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்'-இல் துறவி சான் டேவாக நடித்த அதே கார்டன் லியு, இதில் சான் டேவைப்போல் மொட்டையடித்து ஆள்மாறாட்டம் செய்யும் ஏமாற்றுக்காரர். சாயப் பட்டறைத் தொழிலாளரின் கூலியைக் குறைத்த முதலாளியை மிரட்டுவதற்காக, அவர் கையை ஓங்கியவுடனேயே நண்பர்கள் தாமாகப் பறந்துபோய் விழுகிறார்கள். குட்டு வெளிப்பட்ட பிறகு மெய்யாகவே ஷாவ்லின் மடாலயத்துக்குப் போனால், அங்கே பயிற்சி கிடைக்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டும் வேலைதான் கிடைக்கிறது. சாரத்தில் தொங்கியபடியே கீழே துறவிகள் பயிற்சி பெறுவதைப் பார்த்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறார். வேலை முடிந்ததும் வெளியேற்றப்படுகிறார். ஒன்றும் கற்கவில்லை என்று அழுத முகத்துடன் ஊருக்குத் திரும்பியவர், எதிரியின் கையையும் காலையும் மூங்கில் கட்டுவதுபோல் கட்டிப்போடும்போதுதான் தாம் என்ன கற்றோம் என்பதை அறிகிறார். இங்கே என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

பழையவீடியோக்கடை

மேலே எழுதிய நண்பரின் ரசனையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 'டர்ட்டி ஹோ' அறிவால் ரசிக்க வேண்டிய படம். "எவ்வளவு நுட்பம்!" என்று வியக்கிறோம், ஆனால் வயிறு குலுங்குவதில்லை. இடைப்பகுதியில் உடற்குறை உள்ளவர்களைப்போல் நடிக்கும் அடியாட்கள் கூட்டம் ஒன்று வருகிறதே, அங்கே அந்த நுட்பமும் காணாமல் போகிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வயிறு குலுங்க வேண்டுமானால் ஷா பிரதர்ஸை விட்டு கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்தின் பக்கம் வாருங்கள், குறிப்பாக நடிகரும் இயக்குநருமான சம்மோ ஹங்கிடம். ஜாக்கி சான், யூன் பியாவ் ஆகியோருடன் யூ ஜிம்-யூனின் பீக்கிங் இசை நாடகப் பள்ளியில் வளர்ந்தவர். அங்கே மூத்த மாணவர். அந்தப் பள்ளியில் குட்டிக்கரணமும் வலியும் சிரிப்பும் ஒரே பாடம். ஹாங்காங் நகைச்சுவையின் பெரும் வெற்றிகளில் ஒன்றான 'தி பிரைவேட் ஐஸ்' (1976) படத்தில், மைக்கேல் ஹுய் சமையலறையில் சரம் சரமான தொத்திறைச்சியை நன்சாக்குபோல் (சங்கிலியால் இணைத்த இரு தடிகள்) சுழற்றிச் சண்டையிடும் காட்சியை நினைவிருக்கிறதா? எதிரியின் கையில் சுறாவின் தாடை எலும்பு! அந்தப் படத்தின் சண்டை அமைப்பு சம்மோ ஹங்கினுடையது. புரூஸ் லீயின் ஆயுதத்தை உணவுப் பொருளாக மாற்றியபோதே குங்ஃபூ நகைச்சுவைக்கு வழி திறந்துவிட்டது என்பது என் எண்ணம். 1975-ஐ ஆதியாகக் காட்டிய நண்பர் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

என் முதல் பரிந்துரை 'நாக்கபவுட்' (1979). யூன் பியாவ் முதன்முதலாக நாயகனாக நடித்த படம். 'கேம் ஆஃப் டெத்' படத்தில் புரூஸ் லீக்குப் பதிலாகக் கரணம் அடித்தவர் இவர்தான் என்பது பலருக்குத் தெரியும். முகம் தெரிய அவர் என்ன செய்வார் என்பதை இந்தப் படம்தான் காட்டியது. ஏமாற்றிப் பிழைக்கும் அண்ணன் தம்பி இருவர், தங்களைவிடப் பெரிய கைகாரர் ஒருவரிடம் அகப்பட்டு, அடி வாங்கி, அவரிடமே சீடர்களாகச் சேருகிறார்கள். அந்த குருவாக வருபவர் லாவ் கார்-லியுங்கின் தம்பி லாவ் கார்-விங். அண்ணனாக வரும் லியுங் கார்-யன் முறையாகக் குங்ஃபூ பயின்றவரே அல்லர். சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து அப்படியே செய்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. திரையில் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

பிற்பகுதியில் குண்டுப் பிச்சைக்காரராக சம்மோவே வந்து யூன் பியாவுக்குக் குரங்கு பாணியைக் கற்பிக்கிறார். அதில் கயிறு தாண்டும் பயிற்சி ஒன்று உண்டு. சிறுமிகள் தெருவில் ஆடும் அதே கயிறுதான். அதைச் சுழற்றியபடியே யூன் பியாவ் உட்கார்ந்து, படுத்து, தலைகீழாகி, மறுபடி எழுந்து நிற்கும்போது, அவ்வளவு பருமனான சம்மோவும் அதே கயிற்றோடு காற்றில் மிதப்பதைக் கண்டு வாயைப் பிளந்துகொண்டே சிரித்தேன். இங்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை. உடம்பு தன்னால் முடியாததைச் செய்துவிட்டுத் தானே ஆச்சரியப்படுகிறது; சிரிப்பு அங்கிருந்து வருகிறது.

இரண்டாவது, அதே 1979-இல் லாவ் கார்-விங் இயக்கிய 'தி ஆட் கப்பிள்'. ஆண்டுதோறும் மோதி ஆண்டுதோறும் வெற்றி தோல்வியின்றிப் பிரியும் இரண்டு கிழவர்கள்: ஒருவர் வாளில் மன்னர், மற்றவர் ஈட்டியில் மன்னர். முதுமை வந்துவிட்டது, முடிவு வரவில்லை. ஆளுக்கொரு சீடனைத் தயார் செய்து மோதவிடலாம் என்று உடன்படுகிறார்கள். வாள் கிழவராக சம்மோ, ஈட்டிக் கிழவராக லாவ் கார்-விங். இதுவரை சாதாரணம். ஆனால் ஈட்டி கற்கும் சீடனாக நடிப்பவரும் சம்மோ. வாள் கற்கும் சீடனாக நடிப்பவரும் லாவ் கார்-விங்! ஆக, இரண்டு நடிகர்களும் ஓர் ஆயுதத்தில் மேதையாகவும் மற்றதில் கற்றுக்குட்டியாகவும் ஆடிக் காட்ட வேண்டியிருக்கிறது. தெரிந்த ஆயுதத்தைத் தெரியாததுபோல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, எந்தக் கலையையாவது பிறருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். இதையா நகல் என்கிறார் உங்கள் நண்பர்?

ஒரு நடைமுறைச் செய்தி. இவற்றைப் பழைய ஆங்கில மொழிமாற்ற வீடியோ கேசட்டிலிருந்து பதிவேற்றிய வடிவத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அகலத்திரைக்கு எடுத்த படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்காக இருபுறமும் வெட்டியிருப்பார்கள். சண்டையிடும் இருவரில் ஒருவர் திரைக்கு வெளியே நிற்பார், ஒரு கை மட்டும் உள்ளே வந்து குத்திவிட்டுப் போகும். நண்பர் வருணித்த அந்த மதுக் காட்சியைக்கூட அப்படிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஷா பிரதர்ஸ் படங்களை செலஸ்டியல் நிறுவனம் சீரமைத்து 2002-இலிருந்து வெளியிட்ட பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் முழுச் சட்டகத்தையும் கண்டோம்.

நடுநிலையாளன்

இருவரும் விட்ட படம்: 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' (1978). சீனக் கணவன், ஜப்பானிய மனைவி. யார் நாட்டுச் சண்டைக் கலை உயர்ந்தது என்ற வீட்டுச் சச்சரவு முற்றி, ஜப்பானிலிருந்து வல்லுநர்கள் வரிசையாகக் கப்பலேறி வந்துவிடுகிறார்கள். வில்லன் இல்லை. படம் முழுவதும் ஒருவர்கூடச் சாவதில்லை. குடிகாரப் பாணியைக் கற்பதற்காக, அதை அறிந்த ஒரு பிச்சைக்காரரை ஆள் வைத்துச் சீண்டிச் சண்டைக்கு இழுத்து, கணவன் ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொள்வான். அந்தப் பிச்சைக்காரராக வருபவர் இயக்குநர் லாவ் கார்-லியுங்கே. குடும்பத்தோடு பார்க்கலாம்.

நாட்குறிப்பு

இவ்வளவு பேர் எழுதியும் 'மை யங் ஆன்டி' (1981) பெயர் வரவில்லை என்பது வியப்பளிக்கிறது. முற்றிலும் வியப்பென்றும் சொல்ல முடியாது, ஏனெனில் இத்தகைய பட்டியல்களில் பெண்களின் படங்கள் எப்போதும் நான்காவது பதிலில்தான் வருகின்றன.

கதை இதுதான். சொத்து கெட்ட தம்பியின் கையில் போய்விடக் கூடாது என்பதற்காக, மரணப் படுக்கையில் இருக்கும் முதியவரை ஓர் இளம்பெண் மணந்துகொள்கிறாள். அவர் இறந்ததும் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நல்ல மருமகனின் (முதியவருடைய உடன்பிறந்தார் பிள்ளை) வீட்டுக்கு வருகிறாள். வயதில் அவள் இருபதுகளில், அந்த மருமகனோ நடுவயதைத் தாண்டியவர். முறையில் அவள் பெரியவள். ஆகையால் அவர் மண்டியிட்டு வணங்க வேண்டும். அவருடைய மகனுக்கு அவள் பாட்டி முறை. ஹாங்காங்கில் படித்துவிட்டு இடையிடையே ஆங்கிலம் பேசிக்கொண்டு வரும் அந்தப் பையனோ, வந்திருப்பது யார் என்று தெரியாமல் முதல் நாளே அவளுடன் கைகலந்துவிடுகிறான். தன்னைவிடச் சிறிய பையனைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இந்தப் படத்தின் நகைச்சுவைக்கு நமக்கு அடிக்குறிப்பு தேவையில்லை.

நாயகி காரா ஹுய். மேலே பொம்மைபோல் இயக்கப்பட்டதாகச் சொன்னார்களே, அவர்தான். இங்கே அவரை யாரும் இயக்கவில்லை. பட்டணத்துக்குப் போய், பையனின் கேலியைப் பொறுக்காமல், உடலை ஒட்டிய நீளக் கீறல் வைத்த உடையும் உயரக் குதிகால் செருப்பும் வாங்கி அணிந்துகொள்கிறாள். அப்போது பார்த்துச் சண்டை மூள்கிறது. காலை உயர்த்தி உதைக்க வேண்டும், உயர்த்தினால் உடை விலகும். ஒவ்வோர் உதைக்கும் பின்னால் அவள் கை தன்னிச்சையாக உடையின் ஓரத்தை இழுத்து மூடுகிறது, மூடிய அதே கை அடுத்த அடியைத் தடுக்க ஓடுகிறது, குதிகால் தடுமாறுகிறது, தடுமாற்றத்திலேயே ஒருவன் விழுகிறான். வீட்டுக்குப் பெரியவள் என்ற கண்ணியமும், இளம்பெண்ணுக்குரிய கூச்சமும், தேர்ந்த சண்டைக்காரியின் கைவேகமும் அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. 1982-இல் நடந்த முதல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகை விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. குங்ஃபூ நகைச்சுவைக்கு நடிப்புக்கான விருது தரப்பட்டது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. முகமூடி நடன விருந்தும் அதில் பையன் போடும் வேடமும் நீளம். அதைவிடப் பெரிய குறை இறுதிப் பகுதி. அவ்வளவு நேரம் படத்தைத் தோளில் சுமந்தவளைப் பகைவர் வீட்டில் அடைத்துவைத்துவிட்டு, மீட்கப் போகும் ஆண்களிடம் சண்டையை ஒப்படைத்துவிடுகிறார்கள். கடைசி மோதல் மருமகனாக நடிக்கும் இயக்குநர் லாவ் கார்-லியுங்குக்கும் பகைவராக நடிக்கும் வாங் லுங்-வைக்கும் நடக்கிறது. அது உயர்ந்த சண்டைதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தின் பெயரில் இருப்பவள் எங்கே? ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கவும் செய்கிறேன்.

சாரக்கட்டு

நாட்குறிப்பு அவர்கள் சொல்லும் முடிவுக் குறை நியாயமானது. அதற்கு விடை இல்லை. அடியாட்கள் கூட்டத்தைப் பற்றிய கண்டனத்தையும் ஏற்கிறேன். அந்தப் பகுதியை நான் வேண்டுமென்றே தாண்டிச் சென்றேன்.

வீடியோக்கடை நண்பருக்கு ஒன்று. மறைந்த சண்டை அறிவுக்கு மட்டுமே என்றீர்கள். உங்கள் கோல்டன் ஹார்வெஸ்ட் தந்த 'ட்ரெட்நாட்' (1981) படத்தில், தையற்காரர் வேடத்தில் இருக்கும் கொலையாளி ஒருவர், சீனர்கள் போற்றும் குங்ஃபூ வீரர் வாங் ஃபெய்-ஹுங்குக்கு அளவெடுக்கும் காட்சி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? நாடா கழுத்தைச் சுற்றுகிறது, "கையைச் சற்றுத் தூக்குங்கள்" என்கிறார், தூக்கிய கை தாக்குதலைத் திருப்பிவிடுகிறது. வாங் ஃபெய்-ஹுங்காக எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த முதியவர் குவான் டாக்-ஹிங், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல், புதுத் துணிக்கு அளவு கொடுக்க வந்தவராகவே நின்றுகொண்டிருப்பார். அந்தக் காட்சிக்கு என் வீட்டில் ஆறு வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அறிவு முதிர்ச்சி தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பழையவீடியோக்கடை

தையற்காரர் காட்சியில் நான் தோற்றேன். ஆனால் அதே படத்தில் யூன் பியாவ் சலவைக்காரக் குடும்பத்துப் பையனாகத் துணி பிழிந்து உலர்த்தும் விரல் வித்தையை மறந்துவிட்டீர்கள். பயந்தாங்கொள்ளி, சண்டை தெரியாது என்று தன்னையே நம்பவைத்திருப்பவன், அவனைக் காப்பாற்றுவது அந்தத் துணி பிழியும் விரல்கள்தாம். உங்கள் சாரக்கட்டு போன்றதே!

மூன்றாம்வரிசை

அனைவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளில் 'டர்ட்டி ஹோ', 'நாக்கபவுட்' இரண்டையும் பார்த்து முடித்தேன். 'மை யங் ஆன்டி' பாதியில் நிற்கிறது.

மதுக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை கைகளை, இரண்டாம் முறை கால்களை, மூன்றாம் முறை எதுவும் அறியாத ஹோவை மட்டும். மூன்றாம் முறைதான் அதிகம் சிரித்தேன். ஆனால் படம் முடிந்த விதம் திகைக்க வைத்தது. இளவரசர் உரிய நேரத்துக்கு அரசவை வந்து சேர்கிறார், அவ்வளவுதான், படம் உறைந்து நின்றுவிடுகிறது. இத்தனை இடர்ப்பாடுகளை உடன் சுமந்த ஹோவிடம் ஒரு சொல் பேசக்கூட நேரம் தரவில்லை.

'நாக்கபவுட்' பற்றி எனக்கு ஒரு மனக்குறை. முதல் பாதி முழுவதும் என்னைச் சிரிக்கவைத்த அந்த அண்ணன் நடுவில் கொல்லப்படுகிறான். அதுவரை அடி என்றால் விளையாட்டு, விழுந்தவன் எழுந்துவிடுவான் என்று பழக்கிவிட்டு, திடீரென்று எழாத ஒருவனைக் காட்டுகிறார்கள். அதன் பிறகு கயிறு தாண்டும் காட்சியில் நீங்கள் சிரித்த அளவுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. இது இந்தப் படத்தின் குறையா, அல்லது இவ்வகைப் படங்கள் அனைத்தும் இப்படித்தானா? என் நண்பரும் இதையே வேறு சொற்களில் சொன்னார்: "சிரிக்கவைத்துவிட்டுப் பழிவாங்கக் கிளம்பிவிடுவார்கள்."

நாட்குறிப்பு

பெரும்பாலும் இப்படித்தான். பழிவாங்குவதற்கு ஒரு சாவு வேண்டும், இறுதிச் சண்டைக்கு ஒரு பழி வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அந்தத் தயாரிப்பாளர்கள் எளிதில் விடுபடவில்லை. 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' தனித்து நிற்பதும் அதனால்தான்.

ஆனால் அந்தத் திடீர்த் திருப்பத்தைத் தன் கதையின் உட்பொருளாகவே ஆக்கிக்கொண்ட படம் ஒன்று உண்டு: சம்மோ ஹங் இயக்கிய 'தி பிராடிகல் சன்' (1981). யூன் பியாவ் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை; தெருவில் யாரோடு மோதினாலும் வெல்கிறான், தன்னை மாவீரன் என்று நம்புகிறான். வேலைக்காரன் பின்னாலேயே போய் எதிரிகளுக்குக் காசு கொடுத்துத் தோற்கவைக்கிறான் என்பது ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. முதல் பாதியின் சிரிப்பு முழுவதும் இதுவே. பெண் வேடமிடும் நாடக நடிகர் ஒருவரிடம் (லாம் சிங்-யிங், புருவத்தை மழித்துக்கொண்டு நடித்தார்) அடிபட்ட பிறகுதான் அவனுக்கு உண்மை விளங்குகிறது. அவரிடமே விங் சுன் என்னும் குங்ஃபூ முறையைக் கற்கப் பின்தொடர்கிறான்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு செல்வக் குடும்பத்துப் பிள்ளை, அவனும் தோற்றதில்லை. அவன் மெய்யாகவே வல்லவன், நேர்மையானவனும்கூட. ஆனால் அவனை வெல்லக்கூடியவர் என்று தோன்றும் எவரையும் அவனுடைய காவலர்கள் அவனுக்குத் தெரியாமல் கொன்றுவிடுகிறார்கள். ஒரு வீட்டில் காசு கொடுத்து வெற்றி வாங்கினார்கள், இன்னொரு வீட்டில் கொலை செய்து வாங்கினார்கள்; இரண்டு பிள்ளைகளும் ஒன்றும் அறியாதவர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்த அதே செய்திதான் நாடகக் கொட்டகை தீப்பற்றும் இரவில் வேறு முகத்தோடு வந்து நிற்கிறது.

அந்த இரவுக்கு முன்னால், எதிர்ப்பக்கத்துப் பிள்ளையும் லாம் சிங்-யிங்கும் மோதும் சண்டையைக் கவனித்துப் பாருங்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது நடிகருக்கு மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. எதிரி கையை நிறுத்திவிட்டு, உடம்பு தேறிய பிறகு மோதலாம் என்று விலகி நிற்கிறான். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வரவில்லை, அச்சமும் வரவில்லை, அவனைப் பிடித்துப்போய்விட்டது. 'மை யங் ஆன்டி'யின் மீதியை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.